முதல் சொடுக்கு

ரிப்பன் கட்டி இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. கட்டிய அன்றைக்குச் சிவப்பாய்ப் பளபளவென்றுதான் இருந்தது. இப்போது வெயிலில் வெளுத்து, நடுவில் தொய்ந்து, பழைய பாவாடை நாடா மாதிரி தொங்கியது. அதற்குப் பின்னால் கண்ணாடிக் கதவு. கதவுக்குப் பின்னால் வரிசையாகப் பத்துக் கணினிகள். பத்துக்கும் மின்சாரம் உண்டு, இணையம் உண்டு, குளிர்சாதனம்கூட உண்டு. உட்காரத்தான் ஆள் கிடையாது. கதவின் மேல் ஒரு பலகை: "ஏழைக் குடும்பங்களுக்கும் இணையத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியை இல்லாமல் ஆக்குவோம்." அந்த இடைவெளியை யாராவது அளந்து பார்த்திருந்தால் இரண்டு அங்குலம் வந்திருக்கும். ரிப்பனின் அகலம் அவ்வளவுதான்.

ஒரு மாதத்துக்கு முன்புவரை அந்த அறை நெட் கடையாக இருந்தது. ஆறு மாடிக் குடியிருப்பின் தரைத்தளம், படிக்கட்டை ஒட்டிய அறை. மூன்றே மூன்று கணினி. அதில் ஒன்று மாவு மில் மாதிரி இரையும். கடைக்காரரை எல்லோரும் நெட்டுக்காரர் என்பார்கள். பல் குத்தும் குச்சியை வாயோரத்தில் வைத்துக்கொண்டே பிறப்புச் சான்றிதழிலிருந்து இறப்புச் சான்றிதழ்வரை எதையும் நிரப்பிக் கொடுப்பார். விவரமெல்லாம் கேட்கமாட்டார். எந்த வீட்டில் யார், எந்த வருஷம் எவருக்கு என்ன ஆயிற்று என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

அறக்கட்டளை வந்தது. இடைவெளியை அகற்ற ஓர் இடம் வேண்டும் என்றது. வேறு இடம் காலியில்லாததால் முதல் வேலையாக நெட் கடையை அகற்றியது. நெட்டுக்காரருக்கு நீலச் சட்டையும் நீலத் தொப்பியும் கொடுத்துத் 'தொழில்நுட்பப் பாதுகாவலர்' என்று பட்டமும் சூட்டியது. அவருக்கு வேலை ஒன்றே ஒன்றுதான்: திறப்பு விழா முடியும்வரை எந்தக் கணினியையும் எவரும் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது. பக்கத்துத் தெருவில் இருந்த இன்னொரு நெட் கடைக்காரன், இங்கே இலவசம் வருகிறது என்று காதில் விழுந்த அன்றே கணினிகளைத் தள்ளிவிட்டு செல்போன் உறை விற்கப் போய்விட்டான். மூன்று கணினி இருந்தவரைக்கும் தெருவுக்கே வழி இருந்தது. பத்து வந்து அடைத்துக்கொண்டது.

திறந்துவைக்க வேண்டியவர் அறக்கட்டளையின் புரவலர். மெத்தைத் தொழிற்சாலை முதலாளி. முதலில் குறித்த தேதியில் அவருக்குக் காய்ச்சல். இரண்டாவது தேதியில், ஏழைகளுக்கு இணையம் கிடைக்காத கொடுமையைப் பற்றிப் பேசுவதற்காக வெளிநாட்டு மாநாட்டுக்குப் பறந்துவிட்டார். மூன்றாவதாகக் குறித்தது இருபத்தைந்தாம் தேதி, பிற்பகல் மூன்று மணி.

அதே இருபத்தைந்தாம் தேதி மாலை ஐந்து மணிக்கு மூணாம் மாடிக்காரியின் வீடு கைவிட்டுப் போகவிருந்தது.

மூன்றாம் மாடியில் நான்கு வீடுகள் உண்டு. ஆனாலும் மூணாம் மாடிக்காரி என்றால் அவள் ஒருத்திதான். மற்ற மூன்று வீட்டுக்காரர்களையே தபால்காரர், "மூணாம் மாடிக்காரம்மாவுக்கு எதிர் வீடு" என்றுதான் விசாரிப்பார். அவள் வாய் அப்படி. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் துப்புரவு வேலை. காலை ஆறு மணிக்குப் போனால் படிக்கட்டு, தாழ்வாரம், கழிப்பறை முடித்துக் கடைசியில் நாற்பது மேஜை, நாற்பது கணினி. விசைப்பலகைகளை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து, எந்த எழுத்தில் அழுக்கு அதிகம் சேரும் என்பதுவரை அவளுக்குத் தெரியும். நீளப் பொத்தானில் பிசுக்கு. வலது ஓரத்துப் பெரிய பொத்தானில் பிஸ்கட் தூள். இடது மேல் மூலையில் இருக்கிற சின்னப் பொத்தானை மட்டும் எவனும் தொடுவதில்லை, வாங்கிய புதிதில் இருந்த மாதிரியே இருக்கும். அவள் ஒரு பொத்தானையும் வேலைக்காக அழுத்தியதில்லை.

அந்த வீடு வீட்டுவசதி அலுவலகத்துக்குச் சொந்தம். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். இந்த வருஷம் கதவுக்கடியில் ஒரு தாள் வந்து விழுந்தது. இனிமேல் இணையவழி மட்டுமே. இணைய முகவரி இது. கடைசி நாள் இன்னது. தவறினால் வீடு காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்கு. நாலே வரி, கையெழுத்துகூட இல்லை.

அவள் சும்மா இருக்கவில்லை. அலுவலகத்துக்கே போனாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்தவர் பேப்பர் எல்லாம் கிடையாதும்மா என்றார். அவர் டீ கிளாஸை எந்தக் கட்டின் மேல் வைத்திருந்தாரோ அதுதான் போன வருஷம்வரை இருந்த விண்ணப்பத் தாள்; அதைச் சுட்டிக்காட்டியதற்கு, அது டீ வைக்க மட்டும்தான் என்று அவர் சொல்லாமல் சொன்னார். கணவனின் செல்போனில் முயன்று பார்த்தாள். பக்கம் திறந்தது. ஆனால் கணினிக்கென்று செய்த பக்கமாம். அழுத்த வேண்டிய பொத்தான் கண்ணாடிக்கு வெளியே எங்கோ அந்தரத்தில் நின்றது. வேலை செய்யும் இடத்தில், நாற்பதில் ஒன்றைக் கால் மணி நேரம் தரமுடியுமா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டாள். பாதுகாப்பு விதி என்றார். துடைக்கும்போது மட்டும் அந்தப் பாதுகாப்பு எங்கே போகிறது என்று கேட்டதில் ஒருநாள் கூலி நின்றது.

கடைசியில் நெட்டுக்காரரிடம் வந்தாள். அவர் ரிப்பனுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆறு வருஷமா எங்க விண்ணப்பத் தாளை நீங்கதானே நிரப்பிக் குடுத்தீங்க. உள்ளே போய் ஒரு தட்டு தட்டினா முடிஞ்சுது" என்றாள்.

"முடியாதும்மா. கேமரா இருக்கு."

"கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்காருங்க."

"ரிப்பன் இருக்குல்ல."

"குனிஞ்சு போங்க. குனியிறது உங்களுக்கு என்ன புதுசா?"

நெட்டுக்காரருக்குச் சுருக்கென்றது. தொப்பியைச் சரிசெய்துகொண்டார். தானும் குடும்பம் குட்டியோடு இருப்பவன் என்றார். அவள் அந்தத் தொப்பியைப் பற்றி ஒரு சொல் சொன்னாள். அது அச்சில் ஏறாது.

அறக்கட்டளையின் ஒருங்கிணைப்பாளர் அன்றைக்குப் பார்த்து வந்திருந்தார். முப்பது வயசு இருக்கும். கழுத்தில் நாடா கோத்த அடையாள அட்டை, கையில் அட்டவணை. அந்த அம்மாளுக்கு மனிதர்கள் என்று யாரும் கிடையாது, பயனாளிகள்தான் உண்டு. மூணாம் மாடிக்காரி முழுக் கதையையும் சொன்னாள். அரைமணி நேரம் போதும் என்றாள். ஒருங்கிணைப்பாளர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, அவளுடைய வலியை முழுமையாக உணர்வதாகச் சொன்னார்.

"ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும். விழாவுக்கு முன்னாடி நீங்க உபயோகிச்சுட்டா, 'முதல் பயனாளி'ன்னு மேடையில யாரைக் காட்டுறது?"

"யாரையும் காட்டாதீங்க."

"எங்களுக்கு நிதி குடுக்கிறவங்க கேப்பாங்களே."

மூணாம் மாடிக்காரி பதிலுக்கு வாயைத் திறந்தாள். திறந்தவள் பத்து நிமிஷம் மூடவில்லை. ஒருங்கிணைப்பாளர் எதிர்த்துப் பேசவில்லை; தலையைச் சாய்த்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை உடுப்பான பச்சை மேல்சட்டை, அதில் பிளீச்சிங் பவுடர் தின்ற வெள்ளைத் திட்டுகள், கோபத்தில் விரிந்த மூக்கு. பிறகு பின்னால் நின்ற புகைப்படக்காரரிடம் மெதுவாக, "இவங்கதான்" என்றார்.

இப்படியாகத்தான் மூணாம் மாடிக்காரி முதல் பயனாளி ஆனாள். விழா அன்றைக்கு மேடையில் ஒரு கணினி, பின்னால் சுவரளவு திரை. கணினியில் ஒரு பெரிய பச்சைப் பொத்தான் தெரியும். அவள் அதை ஒருமுறை சொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் 'முதல் சொடுக்கு'. சொடுக்கியதும் அறக்கட்டளையைப் பற்றிய எட்டு நிமிஷப் படம் ஓடும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டால் நன்றாயிருக்கும், கட்டாயமில்லை. வேறு எதையும் தொடக்கூடாது. அந்தப் பச்சைச் சட்டையைத் துவைக்காமல் அப்படியே போட்டுக்கொண்டு வரவேண்டும்.

"அந்தக் கம்ப்யூட்டர்ல நெட் வருமா?" என்று மட்டும் கேட்டாள்.

"எல்லாம் வரும்" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"சரி, வரேன்."

அவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி என்று சொன்னதில்லை என்பது குடியிருப்பில் யாருக்கும் தெரியும். ஒருங்கிணைப்பாளர் குடியிருப்பில் இல்லை.

வீட்டில் வேறொரு சண்டை காத்திருந்தது. வீடு இரண்டு அறை. நான்கு பேருக்குமேல் இருக்கக்கூடாது என்பது விதி. இருந்தவர்கள் ஐந்து பேர்: அவள், கணவன், இரண்டு பெண் பிள்ளைகள், கணவனின் தங்கை. நாத்தனார் ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைப்பவள். புருஷனை விட்டுவிட்டு, ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவள். அந்த வாரம் ஆறு வருஷமாக முடியாமல் இருக்கிறது. இந்த ஆறு வருஷத்தில் அண்ணியும் நாத்தனாரும் நேருக்கு நேர் பேசிய வார்த்தைகளை இரண்டு கை விரல்களில் அடக்கிவிடலாம். மற்றதெல்லாம் நடுவில் உட்கார்ந்திருக்கும் அந்த மனுஷன் வழியாகத்தான். கிடங்கு ஒன்றில் காவல் வேலை பார்த்த அவருக்கு, வேலைக்குப் போவதுதான் ஓய்வு.

"உள்ளபடி போட்டா அஞ்சு. அஞ்சுன்னா ஆய்வுக்கு ஆள் வருவாங்க. வந்தா வீடு போனாலும் போகும். நாலுன்னுதான் போடப் போறேன், உங்க தங்கச்சிகிட்ட சொல்லிடுங்க" என்றாள், மூன்றடி தூரத்தில் தங்கச்சி உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கும்போதே.

"அண்ணே, வருஷா வருஷம் என்னை விட்டுட்டுத்தானே போடுறீங்க? இந்த வருஷம் மட்டும் எதுக்கு முன்கூட்டியே அறிவிப்பு? சாப்பாட்டுச் செலவுல பாதி வாங்கும்போது எண்ணத் தெரியுது. எழுதும்போது மறந்து போயிடுது."

"எண்ணிக்கையில வரணும்னா அவளோட புருஷன் வீட்டுல போய் வரச் சொல்லுங்க."

நடுவில் இருந்தவர் சீருடையை மாட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே வேலைக்குக் கிளம்பினார்.

இருபத்தைந்தாம் தேதி. குடியிருப்பின் முற்றத்தில் மேடை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் இரண்டே முக்காலுக்கெல்லாம் ஆட்களை உட்கார வைத்துவிட்டார்கள். வந்தவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். பாட்டிலிலும் மெத்தை விளம்பரம். மூன்றாயிற்று. மூன்றரையாயிற்று. மேடையின் ஓரத்தில் பச்சைச் சட்டையோடு உட்கார்ந்திருந்த மூணாம் மாடிக்காரி, எதிர்க் கட்டடத்துச் சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டைப் பையில் கதவுக்கடியில் விழுந்த அந்தத் தாள், நாலாக மடித்து. கூடவே அவளுடைய சின்னப் பொத்தான் செல்போன். நாத்தனார் மூன்றாவது வரிசையில், அண்ணியின் மானம் போவதைக் கிட்டத்திலிருந்து பார்க்க வந்தவள் மாதிரி கைகட்டி அமர்ந்திருந்தாள்.

நாலு பத்துக்குப் புரவலர் வந்தார். போக்குவரத்து நெரிசல் என்றார். கூடவே வீட்டுவசதி அலுவலகத்தின் துணை இயக்குநரும் வந்தார். இவருடைய அலுவலகம் போட்ட நாலு வரிக்காகத்தான் அவள் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது. புரவலர் ரிப்பனை வெட்டினார். வெயிலில் இற்றுப்போன ரிப்பன் கத்தரி படும் முன்பே விட்டுக்கொண்டது. புகைப்படக்காரர் அதை மறுபடி பிடிக்கச் சொல்லி மறுபடி வெட்டவைத்தார். பிறகு பேச்சு. மெத்தை மனிதனைத் தூங்கவைக்கிறது, இணையம் மனிதனை எழுப்புகிறது, இரண்டையும் தன்னால் தரமுடிவது தன் பாக்கியம் என்றார். துணை இயக்குநர் அதைவிடக் குறைவாகப் பேசினால் மரியாதையாக இருக்காது என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. முதல் பயனாளியைக் கூப்பிட்டபோது நாலு முப்பத்தொன்று.

திரையில் பெரிய பச்சைப் பொத்தான். சொடுக்குங்கள் என்று ஒருங்கிணைப்பாளர் கைகாட்டினார். மூணாம் மாடிக்காரி நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தாள். இடது மேல் மூலையில் இருந்த சின்னப் பொத்தானை, காப்பீட்டு நிறுவனத்தில் எவனும் தொடாத அதே பொத்தானை, அழுத்தினாள். முந்தினநாள் நெட்டுக்காரர் இந்த ஒன்றை மட்டும் சொல்லியிருந்தார். அதுவும் வாயைத் திறந்து அல்ல, கண்ணாடிக் கதவில் விரலால் தொட்டுக் காட்டி. பச்சைப் பொத்தான் மறைந்தது. தாளைப் பிரித்து மேஜையில் தடவி வைத்தாள். இரண்டு ஆள்காட்டி விரல்களால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்து, வீட்டுவசதி அலுவலகத்தின் முகவரியைத் தட்ட ஆரம்பித்தாள்.

சுவரளவு திரையில் 'குடியிருப்புப் புதுப்பித்தல் விண்ணப்பம்' என்று விழுந்தது. ஓரத்தில் சிவப்பில் மீதமுள்ள நேரம்: இருபத்துமூன்று நிமிஷம்.

ஒருங்கிணைப்பாளரின் முகம் போன போக்கை மூன்றாவது வரிசைவரை பார்க்க முடிந்தது. பல்லைக் காட்டியபடியே குனிந்து, எழுந்துவிடுமாறு காதருகே சொன்னார். மூணாம் மாடிக்காரிக்கு அந்தக் காது கேட்கவில்லை. மின்கம்பியைப் பிடுங்க அவர் கைநீட்டிய நேரத்தில், புரவலர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டிருந்தார்.

"பாருங்க, பாருங்க. தானாவே பண்றாங்க" என்று துணை இயக்குநரின் முழங்கையைப் பிடித்து உலுக்கினார். "இதுதான் நான் கேட்டது. டெமோ. படம் கிடம் போட்டு அறுக்காம, உண்மையான பயன்பாடு. யாரோட யோசனை இது?"

ஒருங்கிணைப்பாளர் மின்கம்பியிலிருந்து கையை எடுத்தார். "நம்ம குழுவோடதுதான் சார்" என்றார்.

அப்புறம் அதை நிறுத்த மேடையில் எவராலும் முடியவில்லை. புரவலர் கைதட்டினார் என்றால் மற்றவர்களும் தட்டித்தானே ஆகவேண்டும். அவள் வீட்டு எண்ணை அடித்தாள், கைதட்டல். செல்போன் எண்ணை அடித்தாள், கைதட்டல். சட்டைப்பைக்குள் செல்போன் கத்தியது; அதில் வந்த ஆறு இலக்க ரகசிய எண்ணை உரக்கச் சொல்லிக்கொண்டே அடித்தாள். அதற்குப் பெரிய கைதட்டல். தொழில் என்ற இடத்தில் பட்டியல் ஒன்று திறந்தது. மருத்துவர், பொறியாளர், வழக்கறிஞர், விமானி. இந்த வீடுகளில் விமானி குடியிருப்பார் என்று எவனோ நம்பியிருக்கிறான். துப்புரவு இல்லை. கீழே, கீழே, இன்னும் கீழே உருட்டி 'மற்றவை'யைப் பிடித்தாள். கூட்டத்தில் அரைவாசிப் பேர் மற்றவைதான். அவர்கள் தட்டியது தனியாகக் கேட்டது.

நாலு நாற்பத்தைந்துக்கு அந்தக் கட்டம் வந்தது. 'வசிப்போர் எண்ணிக்கை.'

விரல் நின்றது. அவள் வீட்டில் எத்தனை பேர் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அதைவிட, ஒவ்வொருவர் வீட்டிலும் கணக்கில் வராத ஒரு மாமனாரோ மச்சினனோ உண்டு. அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் அவரவர் புதுப்பிக்கும் தவணை வரும்போது இதே கட்டத்துக்கு அவர்களும் வந்தாக வேண்டும். ஆறு மாடியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. மேடையிலோ, எண்ணிக்கையைச் சரிபார்க்க வேண்டிய அதிகாரியே உட்கார்ந்திருக்கிறார்.

நாலு என்று போடத்தான் வந்திருந்தாள். அதைத் தாளில் ரகசியமாகப் போடுவது ஒரு மாதிரி. இங்கே சுவரளவுக்கு விழும்.

துணை இயக்குநர் சங்கடமாக நெளிந்தார். என்ன தயக்கம் என்று புரவலர் கேட்க, ஒருங்கிணைப்பாளர் முன்வரிசையில் விசாரித்துவிட்டு அவர் பக்கம் குனிந்து ஐந்து பேர் விவகாரத்தை விளக்க, துணை இயக்குநர் இருவருக்கும் நடுவில் தலையைக் கொடுத்துத் தாழ்ந்த குரலில் பேசினார். அவர் மூக்குக்கு முன்னால் இருந்த ஒலிவாங்கியை யாரும் அணைத்திருக்கவில்லை.

"நாலுன்னு போடச் சொல்லுங்க. அஞ்சுன்னு போட்டா நான்தான் ஆள் அனுப்பி அலையணும். எல்லா வீட்டுலயும் இதே கதைதான், யாருக்குத் தெரியாது?"

நான்கு மூலைப் பெட்டிகளிலும் அது தெளிவாக, நல்ல அழுத்தத்தோடு ஒலித்தது. பிறகு முற்றமே குலுங்கிச் சிரித்தது. ஏழெட்டு செல்போன்கள் உயர்ந்தன. துணை இயக்குநர் ஒலிவாங்கியைப் பாம்பைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

மூணாம் மாடிக்காரி திரும்பினாள். "நீங்க சொன்னதாவே போட்டுக்கவா சார்?"

அவர் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் மூன்றாவது வரிசையில் நாத்தனார் எழுந்து நின்றாள். யார் வழியாகவும் இல்லாமல், நேராக, முற்றத்துக்கே கேட்கும்படி சொன்னாள்: "போடுங்க அண்ணி. தாராளமா நாலுன்னே போடுங்க. நான் விட்டுக் குடுக்கிறேன். வீடாவது நிலைக்கட்டும்."

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மூணாம் மாடிக்காரி அடுத்த கணத்தில் செய்ததைப் பாசம் என்று பிற்பாடு அறக்கட்டளையின் ஆண்டறிக்கை எழுதியது. பாசமாவது. ஊர் முன்னால், ஒலிபெருக்கி இல்லாமலே, நாத்தனார் தனக்கு வீட்டைப் பிச்சை போடுகிறாள். இனி ஆயுள் முழுக்க ஒவ்வொரு சண்டையிலும் அதை எடுத்து விரிப்பாள். மூணாம் மாடிக்காரி இதையெல்லாம் அரை நொடியில் பார்த்துவிட்டாள். காது சிவந்துபோயிற்று.

"நீ யாருடி எனக்கு விட்டுக்குடுக்க?" என்றாள். ஐந்தை அழுத்தினாள். இல்லை, குத்தினாள்.

ஐந்து விழுந்ததும் கீழே புதிதாக ஒரு பெட்டி திறந்தது: ஐந்தாம் நபரின் உறவு. கணவன் அல்லது மனைவி, பிள்ளை, பெற்றோர், சார்ந்திருப்பவர், மற்றவை. அம்பு 'சார்ந்திருப்பவர்' மேல் போய் நின்றது.

"அதைப் போட்டா பாருங்க" என்றது மூன்றாவது வரிசை. "யாரு யாரைச் சார்ந்திருக்காங்கன்னு நான் இங்கேயே சொல்ல வேண்டி வரும்."

'மற்றவை.' அடுத்த கட்டம், ஐந்தாம் நபரின் அடையாள எண். பன்னிரண்டு இலக்கம். அது நாத்தனாருக்கு மட்டும்தான் தெரியும். நேரம் நாலு ஐம்பத்துமூன்று. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கெஞ்ச அண்ணிக்கு வாய் வராது. கேட்காமல் சொல்ல நாத்தனாருக்கு மனம் வராது. ஒரு முழு நிமிஷம் அப்படியே போனது. முதல் வரிசையிலிருந்து யாரோ, "ஏம்மா, வீட்டுக்குப் போய் அடிச்சுக்கோங்க, வீடு இருந்தாத்தானே?" என்றார். நாத்தனார் நாற்காலிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு மேடை ஏறினாள். எண்ணைச் சொல்லவில்லை. அண்ணியை இடுப்பால் நகர்த்தி நாற்காலியில் பாதியைப் பிடித்து, தானே தட்டினாள். காலர் தைக்கும் விரல்கள். பன்னிரண்டு இலக்கமும் ஒரே ஓட்டம்.

கடைசியாக, நீங்கள் இயந்திரம் அல்ல என்று நிரூபியுங்கள் என்றது திரை. ஒன்பது சின்னப் படங்கள். படிக்கட்டு இருப்பவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பதினெட்டு வருஷமாகப் படிக்கட்டு துடைப்பவளிடம் கேட்கிறது. அவள் கைப்பிடி மட்டும் தெரிந்த படத்தையும் சேர்த்தாள். கைப்பிடி இருந்தால் அதன் கீழே படி இல்லாமல் எங்கே போகும், துடைப்பவளுக்குத் தெரியாதா. தவறு என்றது திரை. வேறு ஒன்பது படம். இந்தமுறை வாசற்படி ஒன்றைச் சேர்த்தாள். மறுபடியும் தவறு. அவள் இயந்திரமாக இருக்கக்கூடும் என்ற சந்தேகம் கணினிக்கு வலுத்தது.

"ரொம்பத் தெரிஞ்சதனாலதான் தப்பாகுது. அரைகுறையாத் தெரிஞ்சவன் எதைச் சொல்வானோ அதைத் தொடுங்க" என்றாள் நாத்தனார்.

அவள் வாழ்க்கையில் நாத்தனார் சொன்னதைக் கேட்டது அதுதான் முதல் தடவை, நேரமில்லாததால். மூன்று படம். சரி என்று பச்சை விழுந்தது. நாலு ஐம்பத்தொன்பதுக்கு 'சமர்ப்பி' என்ற பொத்தானை இரண்டு பேருடைய விரலும் ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தின. யார் விரல் கீழே இருந்தது என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு.

"விண்ணப்பம் ஏற்கப்பட்டது. எண்ணிக்கை மிகுதியால் நேரடி ஆய்வுக்கு அனுப்பப்படுகிறது."

புரவலர் எழுந்து நின்று கைதட்டினார். ஆய்வு என்ற சொல்லை அவர் படிக்கவில்லை.

மறுநாள் மையம் திறக்கவில்லை. பயன்பாட்டு விதிமுறைகள் மீளாய்வில் உள்ளன என்று கண்ணாடிக் கதவில் தாள் ஒட்டினார்கள். ஒட்டிய அன்று மதியமே நெட்டுக்காரர் நீலத் தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். கேமரா பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அடுத்த தவணைக்காரர்கள் வெளியே வரிசையில் நின்றார்கள். ஒருங்கிணைப்பாளர் வந்து, இதையெல்லாம் யார் அனுமதித்தது என்று கேட்டதற்கு, வரிசையின் கடைசியில் நிற்கச் சொன்னார்கள்.

ஒன்பதாம் நாள் துணை இயக்குநரே மூன்றாம் மாடிக்கு ஏறிவந்தார். ஆய்வாளரை அனுப்பினால் போதும்தான். ஆனால் அவருடைய குரல் குடியிருப்பின் செல்போன் ஒவ்வொன்றிலும் இருந்தது, அவர் முதல் மாடியைத் தாண்டும்போது ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து, "யாருக்குத் தெரியாது?" என்று அவரே கேட்டார். இரண்டாம் மாடியில் மறுபடியும். மூன்றாம் மாடிக்கு வந்தபோது அவருக்கு வியர்த்திருந்தது. மூணாம் மாடிக்காரி கதவை அகலத் திறந்து, உள்ளே வந்து எண்ணிக்கொள்ளச் சொன்னாள். பாய்கள் ஐந்தையும் காட்டட்டுமா என்றாள். வேண்டாம் என்றார். வாசலிலேயே நின்று, சுவரில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஒரு வருஷம். ஐந்து பேர். வீடு அவர்களுடையது.

மாலையில் நாத்தனார் வேலையிலிருந்து வந்து அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது. எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளுக்கும் கீழே, எதிரே 'மற்றவை' என்று. ஆறு வருஷமாக அனுமதியில்லாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தவள், இப்போது முத்திரை வைத்த அனுமதியோடு ஆரம்பித்தாள்.

"அலமாரியில மேல் தட்டு ரெண்டும் இனிமே எனக்கு. இந்தா, பேரு இருக்கு."

"பேருதானே இருக்கு? அலமாரின்னு எங்க போட்டிருக்கு, காட்டு பார்க்கலாம்."

நாத்தனார் மூக்குக்கண்ணாடியைச் சேலை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, தாளை விளக்குக்கு நேரே பிடித்து, முதல் வரியிலிருந்து உரக்க வாசிக்கத் தொடங்கினாள்.